தமிழ்ப்பாட்டுக்கு அயலெழுத்துச் சட்டையா?

பாட்டு தமிழ்ப்பாட்டு. அதனை யாத்தவர் தமிழர், பண்ணமைத்தவர் தமிழர், பாடியவர் பெரும்பாலும் தமிழர், காசு கொடுத்து வாங்கிக் கேட்பவரும் தமிழரே. ஆயின், அப்பாட்டை விற்பதற்கென்று வெளியிடப்பெறும் விளம்பரத்தைக் கண்டால், அஃது இலண்டன் மாநகரத்து வணிகனுக்காக அச்சிடப்பெற்றதோ என்று ஐயுற வேண்டியுள்ளது. தொகுப்பின் பெயர் உரோம எழுத்தில். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் உரோம எழுத்தில். 'இசை' என்னும் ஈரெழுத்துச் சொல்லும் 'பாடல்' என்னும் மூவெழுத்துச் சொல்லுங்கூட 'மியூசிக்கு' என்றும் 'இலிரிக்சு' என்றும் உருமாறி நிற்கின்றன. தமிழ் எங்கே? பக்கத்தின் அடியில், 'விற்பனையில் உள்ளது' என்று கூவும் ஒற்றை வரியில் மட்டும்! விருந்து சமைத்தவளைப் புறக்கடையில் நிறுத்திவிட்டு, வழிப்போக்கனைப் பந்தியின் தலையில் அமர்த்தும் செயல் இது.

இதனைத் தலைநகரத்து மேட்டுக்குடியினரின் வழக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. நீலமலை அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை சுமக்கும் உழைப்பாளியும் இதனையே கண்டு வந்துள்ளான். இசைத்தட்டுக் காலத்தில் தேநீர்க்கடையில் விரித்துக் கிடந்த கிழமையிதழில் கண்டான். ஒலிநாடாக் காலத்தில் பேருந்து நிலையத்துக் கடைமுகப்பில் கண்டான். இன்று தன் கைப்பேசித் திரையில் காண்கிறான். கருவி மும்முறை மாறியது, ஒழுங்கு மாறவில்லை. தட்டு போயிற்று, நாடா போயிற்று, இதழ்களில் பக்கம் பக்கமாக வந்த இசை விளம்பரங்களும் அருகின. ஆயினும் அவ்விளம்பரங்கள் கற்பித்த அடிமை ஒழுங்கு மட்டும் ஒவ்வொரு புதுக் கருவிக்கும் சீதனமாக வந்து சேர்கிறது.

பரிபாடல் காட்டும் ஒழுங்கு

ஒரு பாட்டை உலகுக்கு அளிக்கும்போது எவற்றை உடன் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழன் பிறரிடம் சென்று கற்க வேண்டுவதில்லை. கழக நூல்களுள் ஒன்றாகிய பரிபாடல், பண்ணோடு பாடப்பெற்ற இசைநூல். எழுபது பாடல்களாக இருந்த அந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. 1918இல் உ.வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றினார். அப்பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் பழங்குறிப்பு ஒன்று காணப்படும். பாட்டை யாத்தவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்னும் மூன்று செய்திகளை அக்குறிப்பு கூறும். மூன்றாம் பாட்டை யாத்தவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். ஏட்டை எழுதியவன் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் பாவலன் பெயரை விழுங்கவில்லை. இசை வகுத்தவர் பெயரைச் சொன்னதால் பாட்டு யாத்தவர் பெயரைச் சொல்ல இடமில்லை என்று புலம்பவும் இல்லை.

பெயர் தெரியாத பாவலனையும் தமிழ் கைவிடவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தோர், இயற்பெயர் அறியப்பெறாத பாவலர்க்கு அவர்தம் பாட்டிலுள்ள அருந்தொடரையே பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. திருஞானசம்பந்தரோ தம் பதிகங்களின் இறுதிப் பாட்டாகிய திருக்கடைக்காப்பில் தம் பெயரையும் தம் ஊராகிய காழியையும் பாட்டுக்குள்ளேயே பதித்து வைத்தார். எவனும் உரித்தெடுக்க முடியாத முத்திரை அது. தஞ்சைப் பெருங்கோயிலில் பேரரசன் இராசராசன், ஆடற்பெண்டிர் நானூற்றுவரின் பெயரையும் அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தனர் என்பதையும் கல்லில் வெட்டுவித்தான். பேரரசன் தன் புகழுக்கென்று எடுத்த கோயிலில் ஆடற்பெண்டிரின் பெயருக்கு இடமிருந்தது! கலைஞனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. அவ்விரண்டையும் எழுத்தில் நிறுத்துவது அரசின் கடமை என்று கருதிய இனம் இது.

இவ்வினத்தின் இசைப்பொருளை விற்கும் விளம்பரத்தில்தான் இன்று பாவலனைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆண்டையின் குரல் கேட்ட நாய்

இவ்விழிநிலை எங்குத் தொடங்கியது? இங்கிலாந்து நாட்டு ஓவியர் பிரான்சிசு பாரோ, நிப்பர் என்னும் நாயொன்று ஒலிக்கருவியின் குழலுக்குமுன் அமர்ந்து தன் தலைவனின் குரலைக் கேட்பதாக ஓர் ஓவியம் வரைந்தார். 1899இல் கிராமபோன் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கித் தன் அடையாளமாக்கிற்று. எச்.எம்.வி. என்னும் மூன்றெழுத்தின் பொருள் 'ஆண்டையின் குரல்' என்பதே. 1908இல் அந்நிறுவனம் கல்கத்தாவில் தட்டு வார்க்கும் ஆலை அமைத்தது. தேவாரமாயினும், நாடகமேடைப் பாட்டாயினும், திரைப்பாட்டாயினும் அந்நாயின் கீழேதான் தமிழன் வீட்டுக்குள் நுழைந்தது. ஆண்டையின் குரலுக்குச் செவிசாய்க்கும் நாய், அடிமைப்பட்ட நாட்டின் பாட்டுக்குத் தலைப்பு முத்திரை! இதனினும் பொருத்தமான படத்தை ஆங்கிலன் தேடியிருக்க இயலாது.

தட்டின் நடுவட்டத்தைக் கண்டவர் அதன் ஒழுங்கை அறிவர். மேற்பாதி முழுதும் நிறுவனத்தின் பெயரும் அடையாளமும். கீழ்ப்பாதியில் பாடியவர் பெயர், பாட்டின் தொடக்கம், இராகம், தாளம். பாட்டு யாத்தவர்க்கு இடமிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இதழ்களில் வந்த விளம்பரங்கள் அவ்வட்டத்தையே விரித்துப் பக்கமாக்கின. 1930களில் ஏவி. மெய்யப்பர் முதலியோர் சென்னையில் நடத்திய சரசுவதி இசுடோர்சு, செருமனி நாட்டு ஓடியன் தட்டுகளை விற்றது. விற்றவர் தமிழர், முத்திரை செருமனியருடையது. கொங்குநாட்டுக் கொடுமுடியிற் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல் தமிழகமெங்கும் தட்டுகளில் ஒலித்தது. குரல் காவிரிக்கரைக் குரல். அக்குரலைத் தாங்கிய தட்டின் தலையில் நின்றதோ கடல்கடந்த வணிகனின் பெயர்.

1947இல் ஆங்கிலன் கப்பலேறினான். அவன் வகுத்துத் தந்த பக்க ஒழுங்கு கப்பலேறவில்லை. அந்நிறுவனமே பின்னாளில், 2000ஆம் ஆண்டில், 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஏழிசையின் பெயரால் அழைத்துக்கொள்ள முன்வந்தவர்க்கும் எழுத்து மட்டும் உரோம எழுத்தே இனித்தது.

பக்கத்திலும் வருணப் படிநிலை

விளம்பரப் பக்கத்தில் ஒருவருக்குத் தரப்பெறும் இடமும் எழுத்தளவும் அவருடைய தகுதியைச் சொல்லாமற் சொல்லும். தலையிற் பிறந்தவன், தோளிற் பிறந்தவன், தொடையிற் பிறந்தவன், காலிற் பிறந்தவன் என்று மாந்தரைக் கூறுபோட்ட அதே கணக்கு இங்கும் நடைபெறுகிறது. தலையில் நடிகனின் முகம், தோளில் ஆங்கில எழுத்தில் படத்தின் பெயர், இடையில் இசையமைப்பாளர், அவருக்கும் கீழே பாடகர் வரிசை, காலடியில், கண்ணாடி கொண்டு தேடினால், பாட்டு யாத்த பாவலர். பல விளம்பரங்களில் அவர் காலடியிலும் இல்லை. நடிகன் அப்பாட்டை எழுதவில்லை, இசைக்கவில்லை, பாடவில்லை, வாயசைத்தான். வாயசைத்தவனுக்கு முக்காற்பக்கம், வாய்மொழி தந்தவனுக்கு ஒரு வரியும் இல்லை!

இடமில்லை என்பது சாக்கு. கருநாடக இசை என்று சொல்லப்பெறுவதன் விளம்பரங்களை எடுத்துப் பார்க்க. அவற்றில் ஒவ்வோர் உருப்படிக்கும் இராகம், தாளம், இயற்றியவர் பெயர் ஆகிய யாவும் ஒழுங்காக நிற்கும். தெலுங்கிலும் வடமொழியிலும் யாத்தவர்க்கு இடமுண்டு. தமிழ்ப் பாவலனுக்கு மட்டும் தாள் குறுகிவிடுகிறதா? அவ்வரங்குகளில் தமிழ்ப்பாட்டைத் 'துக்கடா' என்று கடைசிக்குத் தள்ளிய காலத்தில்தான், 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. மேடையில் தமிழுக்கு இடங்கேட்டு அன்று போராடினர். விளம்பரப் பக்கத்தில் தமிழுக்கு இடங்கேட்கும் போராட்டம் இன்னும் எஞ்சியுள்ளது.

'எப்படிப் பெயரிடுவது?'

பண்ணைப்புரத்து மண்ணிற் பிறந்து, நாட்டுப்புற இசையைத் திரையின் நடுவே அரியணையேற்றியவர் இளையராசா. 1976இல் வந்த அன்னக்கிளியின் பாட்டுகள் சிற்றூர்த் தமிழரின் நெஞ்சில் பதிந்தன. அவர் 1986இல் வெளியிட்ட தனி இசைத்தொகுப்புக்கு ஆங்கிலத்திலேயே பெயர் சூட்டப்பெற்றது. அப்பெயரைத் தமிழிற் சொன்னால் 'இதற்கு எப்படிப் பெயரிடுவது?' என்பதாகும். 1988இல் வந்த அடுத்த தொகுப்புக்கும் ஆங்கிலப் பெயரே. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டனில் அரங்கேறிய அவருடைய பல்லியப் பேரிசைக்கும் 'வேலியண்டு' என்னும் ஆங்கிலப் பெயரே கிட்டியது.

அவர்தம் இசைப்புலமையைக் குறைத்துப் பேசுவார் எவருமிலர். கேள்வி பெயரைப் பற்றியது. வீரம், மறம், திறல், தறுகண், ஆண்மை, உரன் என்று ஒரு பொருளுக்கு ஓராயிரம் நுண்வேறுபாட்டுச் சொற்களை வைத்திருக்கும் மொழியின் மகன், இலண்டனில் தன் இசையை அரங்கேற்றுகையில் அவற்றுள் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தால் அவ்வரங்கம் இடிந்து விழுந்திருக்குமா? இத்தாலியன் தன் இசைச்சொற்களை உலகம் முழுவதும் பரப்பினான். எந்நாட்டு இசைஞனும் அவற்றை அப்படியே சொல்கிறான். தன் சொல்லைத் தலைநிமிர்ந்து சொன்னவனின் சொல் உலகச்சொல்லாகும். அவரே 2005இல் திருவாசகத்துக்குப் பேரிசை அமைத்தபோது மாணிக்கவாசகர் இட்ட பெயர் பெயராகவே நின்றது. கேட்க வந்தவர் எவரும் ஓடிவிடவில்லை. ஆகவே, 'எப்படிப் பெயரிடுவது?' என்னும் வினாவுக்கு விடை எளிது: தமிழிற் பெயரிடுக!

வள்ளி வல்லியான கதை

பெயர் தமிழாகவே இருந்தாலும், உரோம எழுத்தில் எழுதினால் பெயர் கெடும். கொங்குநாட்டு ஊர்களில் வள்ளிக் கும்மி இன்று மீண்டும் தழைத்து வருகிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தாசம்பாளையத்துக் கும்மியாசிரியர் பத்திரப்பனார், ஆடவர்க்கே உரியதாக இருந்த வள்ளி ஒயிற்கும்மியைப் பெண்டிர்க்கும் பயிற்றி வளர்த்தவர். முதுமையில், 2024ஆம் ஆண்டில், நடுவணரசின் பதுமசிரீ விருது அவரைத் தேடி வந்தது. விருதின் பெயர் வடமொழியே ஆயினும் விருது பெற்ற கலை தமிழ்க்கலை.

அக்கும்மியின் தலைவியை உரோம எழுத்தில் எழுதிப் பார்க்க. ளகரத்துக்கும் லகரத்துக்கும் அவ்வெழுத்தில் வேறுபாடு இல்லை. 'வள்ளி' என்றும் படிக்கலாம், 'வல்லி' என்றும் படிக்கலாம். 'பள்ளி' 'பல்லி' ஆகும். 'மணம்' 'மனம்' ஆகும். 'அறம்' 'அரம்' ஆகும்! தமிழுக்கே சிறப்பாகிய ழகரமோ ஈரெழுத்தாகச் சிதைந்து, படிப்பவன் வாயில் வேறேதோ ஒலியாக வழிகிறது. அயலான் எழுத்தில் அச்சிட்ட அழகிய முகப்பு, தலைவியின் பெயரையே தவறாகச் சொல்கிறது. மேட்டுப்பாளையத்துப் பள்ளிச் சிறுவன் கைப்பேசியில் பாட்டைத் தேடுகையில் உரோம எழுத்தில் தட்டித் தேடுகிறான். பாட்டு முழுதும் அவனுக்கு மனப்பாடம். அதன் முதலடியைத் தமிழில் எழுதச் சொன்னால் விழிக்கிறான். இப்பிழை சிறுவனுடையதா? அவன் கண்ட ஒவ்வொரு விளம்பரமும் அவனுக்கு அப்பாடத்தைத்தானே கற்பித்தது?

வரலாறு ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். 1554இல் போர்த்துக்கல் நாட்டு இலிசுபனில் தமிழ்மொழி உரோம எழுத்தில் அச்சாயிற்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்திலேயே அச்சேறியது. இந்தியத் துணைக்கண்டத்து எழுத்துகளுள் முதன்முதல் அச்சு நூலைக் கண்டது தமிழெழுத்தே. சமயம் பரப்ப வந்த வெள்ளையரே, தமிழரை அடைய வேண்டுமாயின் தமிழெழுத்தே வழி என்று 24 ஆண்டுகளில் தெளிந்தனர். அவர்கள் கைவிட்ட அச்சட்டையைப் பொறுக்கியெடுத்து, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ் வணிகன் தன் பாட்டுக்கு உடுத்திப் பெருமிதம் கொள்கிறான்!

இழப்பு எழுத்தோடு நிற்பதில்லை. காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்துப் பகுதியில் 1960களில் தங்கி ஆய்ந்த கனடா நாட்டு மாந்தவியலறிஞர் பிரெண்டா பெக்கு, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர் வாயிலாக ஒலிநாடாவிற் பதிவு செய்தார். பாடியவர் யார், எங்குப் பாடினார், எவ்வாறு பாடினார் என்பதைக் குறித்து வைத்தார். கடல்கடந்து வந்தவர்க்கு இருந்த அந்நேர்மை, உள்ளூரில் நாட்டுப்புறப் பாட்டை விற்போர்க்கு ஏன் இல்லை? 'கொங்கு நாட்டுப்புறப் பாடல்கள்' என்று பொதுப்பெயரிட்டு, பயிற்றிய ஆசிரியர் பெயரும் ஊர்ப்பெயரும் இன்றி விற்கப்பெறும் தொகுப்புகள் எத்தனை! பெயர் போனால் உரிமை போகும். உரிமை போனால் உழைப்புக்குரிய பங்கும் போகும்.

சட்டம் யார் பெயரைக் கேட்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்றது. அதன் 57ஆம் பிரிவு, படைத்தவனுக்குத் தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் உரிமையை வழங்குகிறது. நன்று. ஆயின் 1984இல் சேர்க்கப்பெற்ற 52அ பிரிவைக் காண்க. ஒலிப்பதிவின் மீதும் அதன் உறைமீதும் எவை அச்சிடப்பெற வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது: பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டு. பாட்டு யாத்தவர் பெயர் அப்பட்டியலில் இல்லை! பரிபாடற் குறிப்பு எழுதிய பெயரறியாப் புலவனுக்கு இருந்த அறம், நடுவணரசின் சட்டத்துக்கு இல்லை. 2012இல் வந்த திருத்தம் பாவலர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்தது. பங்குக்கு உரியவர் இன்னார் என்று உறையின்மீது எழுதும் கடமையை அதுவும் இசைத்தட்டு வணிகர்மேல் சுமத்தவில்லை.

தமிழ்நாட்டரசு 2006இல், தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கைவரி விலக்கு அளித்தது. வரி மிஞ்சும் என்றதும், நேற்றுவரை ஆங்கிலப்பெயரே விற்கும் என்று அடம்பிடித்தோர் ஓடோடி வந்து தமிழ்ப்பெயர் சூட்டினர். தலையில் ஆங்கிலச் சொல்லைச் சுமந்திருந்த ஒரு படம் அதனை உதறி 'உனக்கும் எனக்கும்' என்று திரைக்கு வந்தது. படம் ஓடியது, பாட்டும் ஓடியது. முடியாமை என்று சொல்லப்பெற்றதெல்லாம் மனமின்மையே என்பது அன்று வெளிப்பட்டது. ஆயின் அவ்விலக்கு பெயரை மட்டுமே நோக்கியது. விளம்பரத்தின் எழுத்தை நோக்கவில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அவ்விலக்கும் தன் வலுவை இழந்தது. இன்று 'பர்சுட்டு சிங்கிள்', 'ஆடியோ இலாஞ்சு', 'இலிரிக்கு வீடியோ' என்னும் அறிவிப்புகளே முழங்குகின்றன. முதற்பாட்டு, பாடல் வெளியீடு, பாட்டுவரிக் காட்சி என்று சொன்னால் எவன் காது புண்ணாகும்?

பிற நாட்டார் இவ்வாறு உறங்கவில்லை. கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977இலேயே பிரெஞ்சு மொழிக்கெனச் சட்டம் இயற்றி விளம்பரத்தையும் அதற்குள் கொணர்ந்தது. பிரான்சு 1994இல், விளம்பரத்தில் பிரெஞ்சு கட்டாயம் என்று சட்டம் செய்தது. சப்பானியரோ சட்டத்தை எதிர்பார்க்கவில்லை. அயல்நாட்டு இசைத்தட்டையே அவர்கள் விற்றாலும், உறையின் ஓரத்தில் 'ஓபி' என்னும் தாட்கச்சை ஒன்றைச் சுற்றி, அதில் தொகுப்பின் பெயரையும் பாடியவர் பெயரையும் சப்பானிய எழுத்தில் அச்சிட்டனர். அயலான் பாட்டுக்கும் தன்னெழுத்தில் கச்சை கட்டினான் சப்பானியன். தன் பாட்டுக்கே அயலெழுத்தில் சட்டை தைக்கிறான் தமிழன்!

அழகில்லை என்பார்க்கு

'தமிழெழுத்து வளைந்து வளைந்து இடத்தை அடைக்கும். ஆங்கில எழுத்தே எடுப்பாக இருக்கும்' என்பர் விளம்பரம் வரைவோர் சிலர். கல்லிலே உளிகொண்டு தஞ்சைக் கோயிற் சுவரில் வெட்டியபோது அழகாக நின்ற எழுத்து, தாளிலே தூரிகை கொண்டு வரையும்போது அழகிழந்துவிடுமா? ஊர்தோறும் சுவர்களில் இயக்கத் தோழர்கள் ஓராள் உயரத்துக்கு எழுதிய தமிழெழுத்தைக் கண்டு மயங்காதவர் யார்? கிழமையிதழ்களின் சிறுகதைத் தலைப்புகளை ஓவியர்கள் ஒவ்வொரு கிழமையும் புதுப்புது வடிவில் கைப்பட வரைந்தனரே, அவை அழகில்லையா? எழுத்தில் குறையில்லை, எழுத்தாணி பிடித்த கையில் நாணம் இருக்கிறது. தாயைத் தாய் என்று சொல்ல வெட்கும் நாணம் அது.

'வெளிநாட்டாரும் வாங்குவர்' என்பது மற்றொரு சாக்கு. அவர்க்கென்று கீழே சிறிதாக ஓர் ஆங்கில வரி இருக்கட்டும், தடுப்பார் இல்லை. வீட்டுக்காரன் திண்ணையிலும் விருந்தினன் கட்டிலிலும் படுப்பதையே தமிழுணர்வு தடுக்கிறது.

செய்ய வேண்டுவன

1. தமிழ்ப்பாட்டுத் தொகுப்பு எதற்கும் தூய தமிழ்ப்பெயர். அப்பெயர் தமிழெழுத்தில், பக்கத்தின் பிற எழுத்து யாவற்றினும் பெரிதாக.

2. பாவலர், இசை வகுத்தவர், பாடியவர் ஆகிய மூவர் பெயரும் ஒத்த அளவில், பாட்டின் பண்ணோடு.

3. நாட்டுப்புறப் பாட்டாயின் பயிற்றிய ஆசிரியர் பெயரும் ஊர்ப்பெயரும் கட்டாயம்.

4. 52அ பிரிவின் பட்டியலில் பாட்டு யாத்தவர் பெயரையும் சேர்க்குமாறு தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரலெழுப்ப வேண்டும். கடைப்பலகையில் தமிழ் முதலிடம் பெற விதிசெய்த தமிழ்நாட்டரசு, விளம்பரத்துக்கும் அவ்வாறு விதிசெய்ய வேண்டும்.

5. தமிழில் நடக்கும் இதழ்கள், தமிழெழுத்தில் பெயரில்லாத தமிழிசை விளம்பரத்தை ஏற்க மறுக்க வேண்டும். தமிழரின் காசில் வாழும் இதழுக்கு இவ்வளவு மானமேனும் வேண்டும்.

இவை அரசும் வணிகரும் செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வாங்குபவன் வாய்திறந்தால் விற்பவன் வழிக்கு வருவான் என்பதை 2006 காட்டிவிட்டது. அன்று வரிக்கு அஞ்சினர், இனி வாங்குபவனுக்கு அஞ்சட்டும். ஒவ்வோர் ஊரிலும் பத்துத் தமிழர் போதும். ஆங்கில முகப்போடு வரும் ஒவ்வொரு தமிழ்ப்பாட்டுத் தொகுப்புக்கும் 'பெயர் எங்கே? பாவலர் எங்கே?' என்று ஓர் அஞ்சலட்டை எழுதுக. ஆடித்திங்களில் மேட்டுப்பாளையம் வனபத்திரகாளியம்மன் குண்டத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவோர், எப்பாட்டை ஒலிபரப்பினாலும் யாத்தவர் பெயரைச் சொல்லிவிட்டு ஒலிபரப்புக. கும்மி பயிற்றும் ஆசிரியர்கள், அரங்கேற்ற அழைப்பிதழைத் தமிழிலேயே அடித்து, பாட்டு எழுதியவர் பெயரை முதற்பக்கத்தில் இடுக. கைப்பேசியில் பாட்டைத் தேடும் சிறுவனுக்குத் தமிழெழுத்தில் தட்டக் கற்றுக் கொடுக்க. தேடுவோர் தமிழில் தேடினால் விற்போர் தமிழில் எழுதித்தான் ஆகவேண்டும்.

பெட்டனாகனார் வகுத்த இசை அழிந்தது. அதனை இனி எவரும் கேட்கப்போவதில்லை. ஆயினும் அவர் பெயர் நிற்கிறது, தமிழில் எழுதி வைத்தமையால். இன்றைய பாட்டு ஒலியாக நிற்கிறது. அதனை யாத்தவன் பெயர் அழிகிறது. ஒலியைக் காக்கக் கருவி போதும். பெயரைக் காக்க இனவுணர்வு வேண்டும்.

பாட்டு நம்முடையதாயின் அதன் பெயரும் எழுத்தும் நம்முடையனவாகுக! பாவலன் பெயர் தலையேறுக! தமிழ் வெல்க!